காதில் எண்ணோடு வந்த நாய்கள்

பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் தக்காளி போடுகிறவர்களுக்கு, உரக்கடையில் வாங்கும் மருந்து டப்பாவின் மேல் இருக்கும் வண்ண முக்கோணம் நன்றாகத் தெரியும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே போகும். படிக்கத் தெரியாதவர்கூட சிவப்பைப் பார்த்தால் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வார். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த அந்த நிறத்தைத் தீர்மானித்தவை எலிகள். மருந்தை வாய்வழியே கொடுத்து, உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் போனால் பாதி எலிகள் சாகின்றன என்று கணக்கெடுப்பார்கள். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் பச்சை.

எலியோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. ஒரே நாளில் கொல்லாத மருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போனால் ஈரலை என்ன செய்யும், சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று பார்க்க நாய்க்கும் கொடுக்கிறார்கள். இதற்கென்றே பல நாடுகள் ஒப்புக்கொண்ட 90 நாள் சோதனை முறை ஒன்று உண்டு. ஓர் அளவுக்கு நான்கு ஆண், நான்கு பெண் என்று எட்டு நாய்கள். அப்படி மூன்று அளவுகள். மருந்தே கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் எட்டு. ஆக, ஒரு சோதனைக்குக் குறைந்தது 32 நாய்கள். நாம் விழுங்கும் மாத்திரைக்கும் வழி ஏறக்குறைய இதுதான். புது மருந்தை இரண்டு வகைப் பாலூட்டிகளில் சோதிக்க வேண்டும், அதில் ஒன்று எலி, சுண்டெலி போன்ற கொறிப்பனவாக இருக்கக் கூடாது என்று இந்திய மருந்து விதிகள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. அந்த இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் நாய் வந்து நிற்கிறது. ஆய்வகத்தில் நாய் என்றால் அநேகமாக பீகிள்தான்.

பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்தெடுத்த இனம். தொங்கும் காது, குட்டை முடி, சுமார் பத்து கிலோ எடை. கூட்டமாக அடைத்துவைத்தாலும் ஒன்றையொன்று கடித்துக் குதறாது. ஆளையும் கடிக்காது. நேற்று ஊசி குத்தியவர் இன்று கதவைத் திறந்தாலும் வாலாட்டும். அந்த நல்ல குணம்தான் அதைக் கூண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

இப்படி ஆய்வகத்தில் இருந்த நாய்களைத் தத்து எடுக்கும் பேச்சுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன 90 நாள் சோதனையில் சிக்கிய நாய்களில் அநேகமாக எதுவும் வீடு பார்ப்பதில்லை. சோதனையின் கடைசிப் படியே அவற்றைக் கொன்று உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். உயிரோடு வெளியே வருகிறவை வேறு வகை. மருந்தைக் கொடுத்துவிட்டு, ரத்தத்தில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று மட்டும் பார்க்கும் ஆய்வுகளில், ஓர் இடைவெளி விட்டு விட்டு அதே நாயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அப்படி வருடக்கணக்கில் ரத்தம் கொடுத்த நாய்கள், குட்டி போடுவதற்கென்று வைத்திருந்த தாய்கள், கணக்குக்கு மேல் மிஞ்சிய இளசுகள், இவைதான் வெளியே வருகின்றன. ஆகவே இந்தக் கதை பிழைத்தவற்றின் கதை. பிழைக்காதவை பல மடங்கு.

தருமபுரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44இல் வடக்கே ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர், அதைத் தாண்டி பெங்களூரு. சுமார் 130 கிலோமீட்டர். 2016ஆம் ஆண்டு அந்த நகரத்து ஆய்வகம் ஒன்றிலிருந்து 156 பீகிள் நாய்கள் வெளியே வந்தன. ஒரே நாளில் அல்ல, தொகுதி தொகுதியாக. அவற்றை வாங்கி வீடுகளில் சேர்த்தது கூபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் விலங்குநல அமைப்பு. கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991இல் பெங்களூருவில் தொடங்கியது அது. செய்தி பரவியதும் நாய் கேட்டு வந்தவர்கள் ஏராளம். கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா, சுற்றுச்சுவர் இருக்கிறதா, ஏற்கெனவே வேறு நாய் உண்டா என்று விசாரித்து, ஆளை அறிந்துதான் கொடுத்தார்கள். அப்படி விடுதலையான பீகிள்களுக்கு ‘ஃப்ரீகிள்’ என்று ஒரு செல்லப் பெயரும் வந்தது. வளர்த்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் வட்டமாகவே ஆகிவிட்டார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 2012இல், சென்னை விமான நிலையத்தில் சீனாவிலிருந்து 70 பீகிள்கள் வந்து இறங்கின. அவையும் பெங்களூரு ஆய்வகத்துக்குப் போக இருந்தவை. விலங்குநல அமைப்புகள் உடனே குரல் எழுப்பின, விவகாரம் மத்திய அமைச்சகம் வரை போனது. முடிவில் அந்த நாய்கள் ஆய்வகத்துக்குப் போகாமல் வீடுகளுக்குப் போயின. ஓர் ஊசிகூடப் படாமல் தப்பித்த கூட்டம் என்று அவற்றைச் சொல்லலாம்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் பழைய தொடர்பு உண்டு. விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவரைப் போலவே விமானம் ஓட்டிய மனைவி உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை 1964லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா ஆய்வக விலங்குகளுக்காகவும் பல்லாண்டுகள் வாதாடியவர். மாணவர்கள் தவளையை அறுத்துப் படிப்பதற்குப் பதிலாகத் திரையிலேயே அறுத்துப் பார்க்கும் ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற கணினி நிரலை அந்த அமைப்பு உருவாக்கியது. கம்ப்யூட்டர் என்ற பெட்டியைப் பல பள்ளிகள் கண்ணால்கூடப் பார்த்திராத காலம் அது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே இந்தியாவைப் பாராட்டத்தான் வேண்டும். விலங்கு ஆய்வில் மூன்று கடமைகள் என்று 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் எழுதினார்கள். விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. உலகம் முழுக்க அந்த மூன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தியா நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: மறுவாழ்வு கொடு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழு (இன்று கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் இயங்குவது) வகுத்த நெறிகளில், ஆய்வு முடிந்த பிறகு விலங்கைப் பராமரிக்கும் செலவும் ஆய்வுச் செலவில் சேர்ந்ததே என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உணர்வு கூடிய விலங்குக்கு அந்தத் தொகையும் கூட வேண்டும் என்கிறது அதே வாசகம். எலிக்குச் சட்டம் ஒன்று, நாய்க்கு ஒன்று என்று மேலோட்டமாகத் தோன்றலாம். உண்மையில் ஆய்வாளரைப் பார்த்து அது சொல்வது இதுதான்: உனக்காக இத்தனை வருடம் உடம்பைக் கொடுத்த உயிரை, வேலை முடிந்ததும் யாரோ ஒருவரின் இரக்கத்தில் விட்டுவிட்டுப் போகாதே, அதன் செலவு உன் கணக்கில்தான் இருக்கிறது. எலியும் முயலும் உள்ளூர் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நின்றுவிடும். நாய் போன்ற பெரிய விலங்கு என்றால் மத்தியக் குழுவின் அனுமதியே வேண்டும். ஆக, எந்த ஆய்வகத்தில் எத்தனை நாய் என்பது தில்லிக்குத் தெரிந்த கணக்கு.

அமெரிக்காவில் இந்தக் கடமை மாநிலம் மாநிலமாகப் போராடித்தான் வந்தது. அரசுப் பணம் பெறும் ஆய்வு நிறுவனங்கள் நல்ல நிலையில் உள்ள நாய், பூனைகளைத் தத்துக்குத் தர முன்வர வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது மினசோட்டா, 2014இல். பின்னர் கலிபோர்னியா, நியூயார்க் என்று பல மாநிலங்கள் சேர்ந்தன. 2022இல் வர்ஜீனியா மாநிலத்தில் கம்பர்லாந்து என்ற ஊரில், ஆய்வகங்களுக்கு பீகிள் வளர்த்து விற்ற என்விகோ நிறுவனத்தின் பண்ணையிலிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் ஏறக்குறைய 4,000 நாய்கள் வெளியேற்றப்பட்டு நாடு முழுவதும் தத்துக்குப் போயின. 2024இல் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டமும் பிறவும் சேர்த்து 3.5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று.

பூனைகளின் கதை இன்னும் கொஞ்சம் மறைவானது. மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில்லில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று, பூனையின் குடலில் மட்டும் முழு வளர்ச்சி பெறும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்காகப் பல ஆண்டுகள் பூனைக்குட்டிகளை வளர்த்தது. குட்டிக்கு நோயை ஏற்றி, மலத்தில் வரும் முட்டைகளைச் சேகரித்த பின் குட்டியைக் கொன்றுவிடுவார்கள். நோய் தெளிந்த குட்டிகளைக்கூட விடவில்லை. இது வெளியே தெரிந்து நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பில், 2019 ஏப்ரலில் அந்த வேலை நிறுத்தப்பட்டது. மிஞ்சியிருந்த 14 பூனைகளை அந்தத் துறையின் ஊழியர்களே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

தருமபுரிக்கு வருவோம். ஒரு பீகிள் இங்கே, பென்னாகரம் சாலையில் ஒரு வீட்டுக்கோ, அரூர் பக்கம் ஒரு தோட்டத்துக்கோ வந்தால் என்ன நடக்கும்?

முதலில் ஒன்றுமே நடக்காது. அது மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். மண்ணை அதுவரை மிதித்திருக்காது. புல் காலில் பட்டால் காலைத் தூக்கும். படி என்றால் என்னவென்று தெரியாது. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி அதற்குப் பூதம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில். கதவைத் திறந்துவைத்தாலும் வாசலைத் தாண்டத் தயங்கும், ஏனென்றால் கதவு திறந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதுதான் அது கற்ற பாடம். எங்கே சிறுநீர் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூண்டுதான் எல்லாம். காதின் உட்புறத்தில் பச்சை குத்திய எண் இருக்கும். ‘வா’ என்று கூப்பிட்டால் திரும்பாது, பெயரே வைக்காத உயிர் எதற்குத் திரும்பும்?

இங்கே ஒரு கல் நினைவுக்கு வருகிறது. தருமபுரிக்குக் கிழக்கே பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயரையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்ற செய்தியும் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த மண்ணின் நடுகற்களை வரிசையாகப் பார்க்கலாம். ஆநிரை காக்கச் செத்தவர்களை மறக்காத ஊர் இது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குப் பெயரைக் கல்லில் வெட்டிக்கொடுத்தவர்களின் வாரிசுகள், காதில் வெறும் எண்ணோடு வரும் ஒரு நாய்க்கு ஒரு பெயர் வைக்க முடியாதா?

பெயர் வைத்துக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் முட்டையோ கறித்துண்டோ கொடுத்தால், சில வாரங்களில் அது திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும். மியூனிக் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆய்வாளர்கள் ஜெர்மனியில் தத்துக்குப் போன ஆய்வக பீகிள்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை சில வாரங்களுக்குள்ளேயே வீட்டு வாழ்க்கையில் நட்போடும் நிதானத்தோடும் நடந்துகொண்டதாகக் கண்டார்கள். எல்லாமே அப்படி ஆகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. புது ஆளைக் கண்டால் ஒடுங்குவது, சத்தத்துக்கு நடுங்குவது, தனியாக விட்டால் தவிப்பது, இதெல்லாம் சில நாய்களிடம் வருடக்கணக்கில் நீடிக்கும்.

அப்போது கை கொடுப்பது இன்னொரு நாய்தான். கூபா போன்ற அமைப்புகள் ஏற்கெனவே நாய் உள்ள வீட்டை விரும்பியதற்குக் காரணம் இதுவே. மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும் படி ஏறுவது எப்படி என்று செய்துகாட்ட முடியாது. தோட்டத்தில் படுத்திருக்கும் நம் நாட்டு நாய் ஒன்று முன்னால் நடந்தால் போதும், பீகிள் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகும். அது மண்ணைத் தோண்டினால் இதுவும் தோண்டும். அது நிழலில் படுத்தால் இதுவும் படுக்கும். வெளிநாட்டு இனத்தைப் பெருமையாகப் பார்ப்பதும் நாட்டு நாயைக் கல்லால் அடிப்பதும் நம்மிடம் ஒன்றாகவே இருக்கின்றன. ஆய்வகத்திலிருந்து வரும் பீகிளுக்கு நாயாக வாழச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அந்த நாட்டு நாய்தான் என்பதை நாம் உணர வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய ஆபத்துகளும் இருக்கின்றன, மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது உண்ணி. ஆய்வகத்தின் சுத்தமான தரையில் உண்ணியையே பார்க்காமல் வளர்ந்த உடம்பு, ஆடு மேயும் தோட்டத்தில் சில வாரங்களிலேயே உண்ணிக் காய்ச்சலில் விழுந்துவிடலாம். சோறு தின்னாமல் படுத்தால், ஈறு வெளுத்தால், அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். உண்ணி மருந்தை மாதாமாதம் தவறவிடக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள் போட்டதற்கான அட்டையைக் கண்ணால் பார்க்காமல் நாயை வாங்கவே வேண்டாம். மாவட்டத் தலைநகரில் அரசுக் கால்நடை மருத்துவமனை உண்டு. சிக்கலான நோய் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பத்து கிலோ நாயைக் காரிலோ வண்டியிலோ கொண்டுபோக வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்துவைப்பது நல்லது.

இரண்டாவது மூக்கு. பீகிள் மோப்ப நாய். எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் முயல் வாசனை மூக்கில் ஏறினால் காது அடைத்துவிடும், கூப்பிட்டாலும் கேட்காது. காட்டோரத் தோட்டத்தில் வேலியில் ஒரு சந்து போதும். முதல் சில மாதங்கள் கழுத்துப்பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு கட்டித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். தொலைந்தால் தேடுவது கடினம், ஏனென்றால் அதற்குத் திரும்பி வர வீடு எது என்றே இன்னும் பதிந்திருக்காது.

பிறகு வெயில். பிறகு தீபாவளி வெடி. மாரியம்மன் பண்டிகையில் தெரு முனையில் பம்பை அடித்தால் நம் குழந்தைகள் ஓடிப்போய் நிற்கும், அந்த நாய் சுவரில் முட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் உள்ளறையில் ஒருவர் அதனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம். வீட்டோடு இருக்கும் பாட்டி, தாத்தா உள்ள குடும்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயி, இவர்களுக்குப் பொருந்தும். அப்படிப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் பெங்களூரு அடுக்குமாடிகளைவிட அதிகம் என்றுதான் தோன்றுகிறது. மண் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தகவல்தான் வந்து சேரவில்லை.

வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய காகிதங்களும் உண்டு. நாயின் வயது, கருத்தடை ஆனதா, இதுவரை என்ன வகை ஆய்வில் இருந்தது, ரத்தப் பரிசோதனை முடிவு, பல்லின் நிலை. ஆய்வகங்கள் எந்த மருந்து என்று சொல்லத் தயங்கும், தொழில் ரகசியம் என்பார்கள். மருந்தின் பெயர் வேண்டாம், எந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எங்கள் மருத்துவருக்குச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. மறுவாழ்வுச் செலவு ஆய்வுச் செலவில் சேர்ந்தது என்று நெறிமுறை சொல்வதால், தத்துக்கு முன்னாலேயே பல் சுத்தம், கருத்தடை, தடுப்பூசி எல்லாம் அவர்கள் செலவில் முடிந்திருக்க வேண்டும். அதைத் தத்து எடுப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மாற்று வழிகள் திறக்காமல் இல்லை. அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. அப்படிச் சோதித்த பொருட்களை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. 2023 மார்ச்சில் திருத்திய புது மருந்து விதிகள், மனித செல்களைக் கொண்டு செய்யும் சோதனை, சில்லின் மேல் வளர்த்த உறுப்புத் திசு, கணினி மாதிரி ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் இன்றைக்குக் கூண்டில் இருக்கும் நாய்க்கு அந்தத் திருத்தம் உடனே எதுவும் செய்துவிடாது. அதற்கு வேண்டியது ஒரு வீடு.

வீடு கிடைக்க, எத்தனை நாய்கள் காத்திருக்கின்றன என்று ஊருக்குத் தெரிய வேண்டும். நாட்டில் ஆண்டுதோறும் எத்தனை நாய்களுக்கு ஆய்வு அனுமதி தரப்பட்டது, அவற்றில் எத்தனை கொல்லப்பட்டன, எத்தனை மறுவாழ்வுக்கு விடப்பட்டன, எந்த அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதை மத்தியக் குழு மாநிலவாரியாக வெளியிட வேண்டும், தமிழிலும் வெளியிட வேண்டும். அதுவரை கேட்டுப் பெறலாம். தருமபுரி தலைமை அஞ்சலகத்தில் 10 ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் வாங்கி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்பினால், 30 நாட்களுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.